புட்டுக்குழலில் ஏறிய கறண்டு

ரதீஸின் போனில் ஐந்து வீதம் சார்ஜ் மிஞ்சியிருந்தது. வீட்டில் கறண்டு இல்லை. ருமேனியாவோ பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் எந்த நேரமும் கூப்பிடலாம்.

ருமேனியா என்றால் அங்குள்ள ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் மேலாளர். அவர் வீடியோவில் வந்து ரதீஸின் முகத்தைப் பார்த்து இரண்டு மூன்று கேள்வி கேட்பார். பதில் பிடித்தால் வேலை. "போன் ஓஃப்ல இருந்தா அடுத்த ஆளுக்குப் போயிரும். பிறகு என்னோட வந்து அழக் கூடாது" என்று கொழும்பு ஏஜென்சிக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்தப் பயத்தில்தான் ரதீஸ் முதல் நாள் ஆங்கில நேர்முக வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளி, பார்த்தபடியே தூங்கிப் போனான். போனும் அவனோடு சேர்ந்து களைத்துப் போனது. காலையில் சொருகினால் நிரம்பிவிடும் என்பது கணக்கு. சொருகினான். போன் அசையவில்லை. மின்விசிறியைப் போட்டான். அதுவும் அசையவில்லை. ஓடிப்போய் மெயின் சுவிச்சைப் பார்த்தான். அது இருக்க வேண்டிய பக்கம்தான் இருந்தது. ஆகவே பிழை வெளியில்.

"வெள்ளச்சி, ஊரெல்லாம் கறண்டு இல்லயாம் எண்டு சொல்லுகா. லைனுக்கு மேல விழுந்து கிடக்கிற மரம் வெட்டுறாங்களாம். பன்ரெண்டு மணிக்குப் பிறகுதான் வருமாம்" என்று குசினிக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

வெள்ளச்சி என்பது பூனை. குரல் ரதீஸின் மாமி சீதேவிப்பிள்ளையுடையது.

அந்த வீட்டில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பகை ஒன்றும் கிடையாது, மரியாதைதான். பெரியகல்லாற்றில் மற்ற வீடுகளில் அந்த வழக்கம் எப்போதோ தேய்ந்து, மாமிமார் மருமகன்மாரோடு ஒன்றாக இருந்து நாடகம் பார்க்கிறார்கள். சீதேவிப்பிள்ளை மட்டும் விடுவதாக இல்லை. கல்யாணம் முடித்து ரதீஸ் பெண்வீட்டுக்குக் குடிவந்த நாளில் இருந்து, சொல்ல வேண்டியது எல்லாம் மகள் கஜானி வழியாகத்தான் போகும், வரும். பாலர் பாடசாலை ஆசிரியையான கஜானி அன்று பயிற்சி ஒன்றுக்காக மட்டக்களப்பு டவுனுக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நாட்களில் அந்தப் பொறுப்பு பூனைக்கு.

ரதீஸ் ஓர் அரிசி மில்லில் களஞ்சியம் பார்த்தவன். மில்லை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து வாவிக்குப் போய் வீச்சுவலை போடுகிறான். மீன்கள் அவனைக் கண்டு அவ்வளவாகப் பயப்படுவதில்லை. இருந்து தின்கிற மருமகன் என்று மாமி நினைப்பார் என்ற நினைப்பே அவனைத் தின்றது. போதாததற்கு ருமேனியா கதை எழுந்த நாள் தொட்டு, "அங்க எலும்புக்குள்ளயும் குளிருமாமே வெள்ளச்சி" என்று மாமி பூனையிடம் சொல்வார். போன கிழமை ஒரு தடித்த சுவெற்றரையும் எங்கிருந்தோ தேடி எடுத்து, அவன் கதிரையில் போட்டிருந்தார். ரதீஸுக்கு விளங்கிவிட்டது. மாமி அவனுக்குப் பெட்டி கட்டுகிறார்.

உண்மையைச் சொன்னால் அவனுக்குப் போக மனம் இல்லை. கஜானியை விட்டு, இந்த வாவிக் காற்றை விட்டு, குளிருக்குள் நின்று பிஸ்கட் அடுக்க யாருக்கு ஆசை வரும்? ஆனால் அதைப் பூனையிடம்கூடச் சொல்ல முடியாதே. பூனை மாமிக்கும் சொந்தம்.

மெயின் ரோட்டுக்கு நடந்தால் கடையில் ஜெனரேற்றர் இருக்கலாம். போகிற வழியில் போன் செத்து, அந்த நேரம் பார்த்து ருமேனியா கூப்பிட்டால்? ரதீஸ் வேலியோரம் போய் எட்டிப் பார்த்தான். அடுத்த வீட்டுப் பேர்னாட் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டு நின்றார். மீன்பிடி அவர் தொழில். நேரம் கிடைத்தால் ஊருக்குள் வயரிங் வேலையும் செய்வார். காலைப் பூசையைத் தவறவிடாத மனிதர். வாயில் பொய் வராது என்று ஊரே சொல்லும்.

"பேர்னாட் அண்ணன், உங்கட பக்கமும் கறண்டு இல்லையா?"

பேர்னாட் நிமிரவில்லை. "அக்கா என்ன சொன்னா தம்பி?"

"ஊரெல்லாம் இல்லயாம் எண்டா."

"அப்ப அக்கா சொன்னதுதான்" என்றவர் சட்டைப் பையை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு பாதிப் பாசியோடு வலையைச் சுருட்டிக்கொண்டு அவசரமாக உள்ளே போய்விட்டார். பாவம், அவருக்கும் என்ன கஷ்டமோ என்று ரதீஸ் நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்த வீடியோ நினைவுக்கு வந்தது. வீட்டுச் சாமான்களை வைத்தே யூ.எஸ்.பி சார்ஜர் செய்வது எப்படி என்று ஒருவர் காட்டியிருந்தார். டோர்ச்சுக்குப் போடும் பெரிய பற்றரிகளைத் தலையும் வாலும் முட்ட வரிசையாக அடுக்க வேண்டும். ஆடாமல் இருக்க ஒரு குழாய்க்குள் விட வேண்டும். வாகனத்தில் சொருகும் சார்ஜரின் மூக்கை ஒரு முனையில் வைத்து, மறு முனையில் இருந்து ஒரு வயரை அதன் இடுப்புக்கு இழுத்துவிட்டால் முடிந்தது.

மில் லொறியில் சொருகிய சார்ஜர் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பழைய ஸ்திரிக்கைப் பெட்டியில் வயர் இருந்தது. குழாய்தான் இல்லை. வீடு முழுக்கச் சுற்றிய கண் கடைசியில் குசினிச் சுவரில் போய் நின்றது. அங்கே மாமியின் மூங்கில் புட்டுக்குழல் தொங்கியது. அளவென்றால் அளவு. அடியில் ஆவி போகிற ஓட்டைகூட வயர் விடுவதற்கென்றே வைத்த மாதிரி இருந்தது.

"வெள்ளச்சி" என்று அவனும் பூனையைக் கூப்பிட்டான். "புட்டுக்குழலக் கொஞ்ச நேரம் எடுக்கட்டா எண்டு மாமியிட்டக் கேளு. பற்றரி அடுக்கி, போனுக்குச் சார்ஜ் ஏத்தப் போறன்."

குசினிக்குள் டின்களைக் கிளறும் சத்தம் கேட்டது.

"எடுக்கச் சொல்லுகா. பற்றரியும் என்னட்டக் கிடக்கு, தாறன்."

வாசலில் குழலும் ஒரு பால்மா டின்னும் வந்து உட்கார்ந்தன. டின் நிறையப் பெரிய பற்றரிகள். ரதீஸுக்குக் கண் கலங்கியது. தன்னைக் கரை சேர்க்க மாமி எவ்வளவு பாடுபடுகிறார்!

பற்றரிகளைப் பழைய பேப்பரில் சுற்றிக் குழலுக்குள் இறக்கினான். இடைவெளிகளில் லண்டன் சொக்லேற் சுற்றி வந்த வெள்ளித் தாளை மடித்து வைத்தான். சார்ஜரைச் சொருகிப் போனையும் கொழுவினான். ஒன்றும் நடக்கவில்லை. வயர் உரசியதில் விழித்துக்கொண்ட போன் மட்டும் திரை முழுக்க வெளிச்சம் போட்டு, நான்கு வீதத்துக்கு இறங்கியது.

சீதேவிப்பிள்ளை எதையும் எறியாத மனுசி. அந்த டின்னில் இருந்தவை மாமா உயிரோடு இருந்த காலத்து டோர்ச் பற்றரிகள். அவருக்கு முன்பே செத்தவையும் அதில் உண்டு.

"வெயிலில வச்சா உயிர் வருமெண்டு சொல்லுகா" என்றது குசினி.

முற்றத்தில் மணலை மீன் காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே பற்றரிகளையும் பரப்பிவிட்டு ரதீஸ் காவல் இருந்தான். போகிற போக்கில் பார்க்கிறவர்கள் அந்த வீட்டில் பற்றரிக் கருவாடு போடுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அரை மணி நேரம் தலையில் வெயிலை வாங்கி, பற்றரிகள் கையைச் சுட்டதும் ஓடி வந்து மறுபடி அடுக்கினான். சார்ஜரின் சிவப்புப் புள்ளி ஒரு தரம் கண் சிமிட்டிப் போய்விட்டது. போன் மறுபடி விழித்துப் பார்த்தது. மூன்று வீதம்.

மணி பத்தரை தாண்டியிருந்தது. இனி மரியாதை பார்த்துச் சரிவராது. மாமியின் ரேடியோவுக்குள் நான்கு நல்ல பற்றரிகள் இருக்கின்றன. காலை மரண அறிவித்தல்களைத் தவறவிடக் கூடாது என்பதற்காக அந்த ரேடியோவுக்கு மட்டும் எப்போதும் புதுப் பற்றரி. கேட்டு எடுக்கத்தான் நினைத்தான். ஆனால் வெள்ளச்சி மணலை மீனோடு எங்கேயோ மறைந்துவிட்டது. இடையில் ஆள் இல்லாமல் எப்படிக் கேட்பது? எடுத்துவிட்டான்.

பழையவை வெளியே வந்து, இந்த நான்கும் குழலுக்குள் போயின. சிவப்புப் புள்ளி மங்கலாக எரிந்தது. போன் அதை ஏற்கவில்லை. நான்கு போதாது, இன்னும் தெம்பு வேண்டும். ரீ.வி. ரிமோட்டில் இருந்து இரண்டு சின்னப் பற்றரிகள் வந்தன. சுவர் மணிக்கூட்டில் இருந்து ஒன்று வந்தது. மணிக்கூடு பத்து நாற்பதில் நின்றது.

அந்த மூன்றும் குழலுக்கு வெளியே, சைக்கிள் டியூப் ரப்பரால் வரிந்து கட்டப்பட்டன. தூக்கிப் பார்த்த ரதீஸுக்கே கொஞ்சம் அச்சமாக இருந்தது. வீட்டுக்குள் சிக்னல் குறைவு என்பதால், வாவிக்கரையில் போய் நிற்கலாமா என்று வாசலைத் தாண்டினான். மீனை முடித்துவிட்டு வந்த வெள்ளச்சி அவன் காலுக்கிடையில் நுழைந்து உள்ளே போனது.

"வெள்ளச்சி! அந்தச் சாமானோட ரோட்டுப் பக்கம் போக ஒண்ணா எண்டு சொல்லுகா. நம்மட ஊரில அதப் பாத்தா ஒருத்தரும் சார்ஜர் எண்டு நம்ப மாட்டாங்க."

நியாயம்தான், குண்டு என்றே ஓடுவார்கள். ரதீஸ் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மணி எத்தினையெண்டு கேளுகா. மணிக்கூடு நிண்டு போயித்து."

குற்ற உணர்ச்சியோடு போனை அமத்திப் பார்த்தான். "பதினொண்டு அஞ்சாம் எண்டு சொல்லு வெள்ளச்சி."

கொஞ்ச நேரம் போனது.

"இப்ப எத்தினையாம்?"

"பதினொண்டு பத்தாம்."

"இப்ப?"

ஒவ்வொரு முறையும் போன் பளிச்சென்று விழித்தது. மூன்று வீதம் இரண்டானது. மணிக்கூட்டைக் கொன்றவனே மணி சொல்ல மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு ஒன்றாகும் முன் இதை முடிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளித் தாளை இன்னொரு மடிப்பு மடித்து, வயரைச் சார்ஜரின் இடுப்பில் இறுக்கினான்.

சிவப்புப் புள்ளி குங்குமப் பொட்டுப் போல் நின்று எரிந்தது. போன் டிங் என்றது. திரையில் மின்னல் குறி.

"மாமி, ஏறுது!" என்று கத்திவிட்டான்.

குசினிக்குள் ஏதோ விழுந்து உருண்டது. ரதீஸ் நாக்கைக் கடித்துக்கொண்டான். இத்தனை வருடத்தில் மாமியிடம் அவன் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"நல்ல விசயம் எண்டு சொல்லுகா" என்று மிக மெல்லிய குரல் வந்தது. மாமிக்குச் சந்தோசம் கூடிவிட்டது என்று ரதீஸ் எடுத்துக்கொண்டான்.

இரண்டு வீதம் மூன்றாகி, மூன்று நான்காகும் நேரத்தில் குசினி மறுபடி வாய் திறந்தது.

"குழலத் தரச் சொல்லுகா வெள்ளச்சி. பானை கொதிச்சித்து. மா குழைச்சாச்சி. மருமகன் வெறும் வயித்தோட ருமேனியாவோட கதைக்க ஒண்ணா."

"இன்னும் கொஞ்ச நேரத்தில தாறன் எண்டு..." என்று தொடங்கிய ரதீஸுக்கு மேலே வரவில்லை. அது மாமியின் குழல். மாமியின் வீடு. உள்ளே இருக்கிற பற்றரிகூட மாமியின் ரேடியோவுக்குச் சொந்தம். குழலைக் கவிழ்த்து, உதறி, துடைத்து வாசலில் வைத்தான். மின்னல் குறி மறைந்தது.

பற்றரிகள் இனி எங்கே நிற்கும்? வேலியோரம் ஒரு தென்னம் மட்டை கிடந்தது. அதன் பள்ளத்தில் ஏழு பற்றரிகளையும் வரிசையாகப் படுக்க வைத்தான். அவை நழுவின. மறு முனையை உள்ளங்காலால் முட்டுக்கொடுத்து, இந்த முனையில் சார்ஜரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். தரையில் மல்லாந்து, காலை மடக்கி, மட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்த அந்தக் கோலத்தை வேறு யாரும் பார்க்காதது அவன் செய்த புண்ணியம். ஆனால் சிவப்புப் பொட்டு எரிந்தது. தலைமாட்டு ஸ்டூலில் இருந்த போன் டிங் என்றது.

உடனேயே அது அடிக்கவும் தொடங்கியது. திரையில் வெள்ளைக்காரர் ஒருவரின் சிரித்த படம்.

ருமேனியா!

கையை எடுத்தால் கறண்டு போய்விடும். எடுக்காவிட்டால் அழைப்பு போய்விடும்.

"மாமி! ஓடி வாங்க! அந்தப் பச்சைய அமத்துங்க!"

சீதேவிப்பிள்ளை வாசலுக்கு வந்தார். ஒரு கையில் அகப்பை. இடுப்பில் புட்டு மாச் சட்டி. சின்ன வயதில் ஸ்திரிக்கைப் பெட்டியில் கறண்டு அடித்த நாளில் இருந்து, சுவிச் என்றால் அவர் அகப்பைக் காம்பால்தான் அமத்துவார். இப்போதும் முகத்தை மறுபக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, காம்பை நீட்டினார். காம்பு சிவப்பில் பட்டது.

அழைப்பு அறுந்தது.

"ஐயோ மாமி, பச்ச!"

நல்ல மனிதர் அந்த மேலாளர். மறுபடி கூப்பிட்டார்.

"வலப் பக்கம் மாமி, வலப் பக்கம்!"

"ஆர்ட வலப் பக்கம் மகன்? என்டயா, போன்டயா?"

"போன்ட!"

"போன் எந்தப் பக்கம் பாத்துத்து இரிக்கி?"

அதற்கு ரதீஸ் பதில் யோசித்துக்கொண்டிருக்கையில் மாமி ஒரு முடிவோடு காம்பைக் குத்தினார். போன் வழுக்கி ஸ்டூல் விளிம்புக்குப் போய், வயரை அறுத்துக்கொண்டு, நேரே மாச் சட்டிக்குள் குப்புற விழுந்தது. மாவுக்குள் இருந்து இரண்டு தரம் முனகிவிட்டு அடங்கிப் போனது.

ரதீஸ் காலை விட்டான். பற்றரிகள் நான்கு பக்கமும் உருண்டன. எங்கிருந்தோ வந்த வெள்ளச்சி அதில் ஒன்றைத் துரத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போனது.

போனைத் தோண்டி எடுத்து ஊதினான். திரை இருண்டு கிடந்தது. இந்நேரம் அடுத்த ஆளின் போன் அடித்துக்கொண்டிருக்கும்.

இப்போது அழுகை வர வேண்டும், அல்லது கோபம் வர வேண்டும் என்று அவன் காத்திருந்தான். இரண்டும் வரவில்லை. நெஞ்சின் மேல் மாதக்கணக்காகக் கிடந்த ஒரு நெல் மூட்டையை யாரோ தூக்கி இறக்கி வைத்த மாதிரி இருந்தது. போக வேண்டாம். குளிர் வேண்டாம். பிஸ்கட் வேண்டாம். பொழுதுபடக் கஜானி வந்து, பாலர் பாடசாலைப் பிள்ளைகளைப் போலச் செய்து காட்டுவாள். அவன் பக்கத்தில் இருந்து பார்த்துச் சிரிப்பான். அதை நினைத்ததும் இப்போதே சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று அடக்கி, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டான்.

சீதேவிப்பிள்ளை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

அவனுக்கு மனம் உருகிவிட்டது. பாவம் மாமி. பயத்தில் செய்தது. இனி வாழ்நாள் முழுக்க, மருமகனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று தன்னையே நொந்துகொள்வாரே.

"வெள்ளச்சி" என்று கட்டிலுக்குக் கீழே பார்த்துச் சொன்னான். "மாமியக் கவலப்பட வேணாமெண்டு சொல்லு. அவ வேணுமெண்டா செய்தா? எனக்கு மனசில ஒண்டும் இல்ல."

மாமி தொண்டையைச் செருமினார். "வெள்ளச்சி, களுவாஞ்சிகுடி மில்லில களஞ்சியத்துக்கு ஆள் தேடுறாங்களாம் எண்டு சொல்லுகா. சைக்கிளில போயித்து வாற தூரம்."

"எனக்குத் தெரியும். அவங்க முந்தியே கேட்டவங்க" என்றான் ரதீஸ். "சின்னச் சம்பளம். மாமிக்கு அது குறைவா இருக்குமெண்டு நான்தான் வேணாமெண்டன்."

"ஆர் சொன்ன குறைவெண்டு?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டார். பூனையைப் பார்க்காமல் அவனையே பார்த்துக் கேட்டார். பிறகு வெட்கப்பட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

சற்று நேரத்தில் வாழை இலை விரிந்தது. குழலில் இருந்து ஆவி பறக்கப் புட்டு இறங்கியது. ஒரு குழல் புட்டில் மட்டும் வெள்ளித் தாள் துண்டு ஒன்று மின்னியது, அதை ரதீஸ் ஓரமாக எடுத்து வைத்தான். பின்னால் நண்டுக்கறி வந்தது. சாதாரண நண்டல்ல, கை அகல வாவி நண்டு. ஒரு புதன்கிழமையில், ஒரு விசேசமும் இல்லாத நாளில் மாமி ஏன் இவ்வளவு பெரிய நண்டு வாங்கினார் என்று ஒரு கணம் தோன்றியது. வழியனுப்பும் சமையலாக இருக்கும் என்று நினைத்து மேலும் உருகினான்.

"இன்னும் ரெண்டு கால் போடட்டா மகன்?" என்று மாமி நேராகவே கேட்டார்.

"போடுங்க மாமி" என்றான். எப்போதும் இல்லாத ருசியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு மேலால் பேர்னாட்டின் தலை எழும்பியது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமலே, சட்டைப் பைக்குள் கையை விட்டு வெள்ளை நிறத்தில் எதையோ எடுத்துக்கொண்டு, குரல் கொடுத்தார்:

"சீதேவியக்கா, மணி பன்ரெண்டு தாண்டிட்டு! மருமகன்ட ருமேனியாக் கோல் போயித்தெண்டா, காலம்பற கழட்டி வைக்கச் சொன்ன உங்கட வீட்டுப் பியூச இனிக் கொண்டு வந்து பூட்டட்டா?"